‘வெரி குட்’ என்றால் சுமார்: பழைய ரெக்கார்டு வெளிநாடு போகும்போது

பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளுக்கு வெளிநாட்டில் விலை உண்டு என்பது இன்று பலருக்கும் தெரிந்துவிட்டது. சரண்ஜித் சிங் 1982இல் டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்த தட்டு இங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. 2010இல் அதை ஒரு டச்சு நிறுவனம் மறுபதிப்புச் செய்ததும் மூலத் தட்டுக்கு அடிதடி ஆகிவிட்டது. கல்கத்தா டம்டம் ஆலையில் அரக்கில் அழுத்திய பீட்டில்ஸின் 78 சுழற்சித் தட்டுகளுக்கும், இளையராஜாவின் பழைய எல்.பி.களுக்கும் அப்படித்தான் ஆள் தேடுகிறார்கள். ஈபேயிலோ டிஸ்காக்ஸிலோ படம் போட்டு விற்பது அரைமணி வேலை. அதன்பின் தகராறு வந்தால்தான், நாம் நம்பிக்கொண்டிருந்தவற்றில் பாதி தப்பு என்று தெரிகிறது.

“‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டுவிட்டேன், இனி யாரும் கேட்க முடியாது.”

நம் ஊர்க் கடை பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தருவதை மட்டும்தான் அந்த வரி தடுக்கும். ‘சொன்னது ஒன்று, வந்தது ஒன்று’ என்று அவர் புகார் செய்தால் ஈபேயின் உத்தரவாதம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். பார்சல் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவருக்கு அவகாசம். புகார் நிலைத்தால் தட்டு திரும்பி வரும் தபால் செலவும் விற்றவர் தலையில்தான். பணம் பேபால் வழியாக வந்திருந்தால், கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை அவர் தகராறு எழுப்பலாம். அதனால் கணக்கில் பணம் வந்ததுமே கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பேபால் விற்பவருக்குத் தரும் பாதுகாப்பும் இரண்டு வகைக்குத்தான்: பொருள் வந்து சேரவில்லை என்ற புகார், அனுமதியில்லாமல் நடந்த கட்டணம். ‘வர்ணனைக்கு மாறாக இருக்கிறது’ என்ற புகாருக்கு அந்தக் குடை விரியாது.

அப்படியானால் சண்டை எங்கே பிறக்கிறது? தபாலில் என்பார்கள், வாங்குபவரின் குணத்தில் என்பார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் நாம் எழுதும் ஒற்றைச் சொல்லில்தான் பிறக்கிறது.

“தட்டு பளபளவென்று இருக்கிறது, ‘மின்ட்’ என்று போட்டால் என்ன?”

நானும் அப்படித்தான் போட்டேன். ஜெர்மனிக்குப் போன தட்டு. வீட்டு விளக்கில் கண்ணாடிபோல் மின்னியது. வாங்கியவர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மூன்று மயிரிழைக் கீறல்களைப் படமெடுத்து அனுப்பினார். கோபப்பட்டேன். பிறகு விதியைப் படித்துப் பார்த்தேன், அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

சேகரிப்பவர்கள் பின்பற்றுவது கோல்ட்மைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் தர வரிசையை. டிஸ்காக்ஸும் அதையே வைத்திருக்கிறது. அதில் ‘மின்ட்’ என்றால் எந்தக் குறையும் இல்லாதது, ஒருமுறைகூட ஓட்டப்படாதது. ஒரு வீட்டில் நாற்பது வருடம் இருந்த தட்டு அந்தப் பெயருக்குத் தகுதியாவது அபூர்வம். வேடிக்கை கீழ்ப்படிகளில் இருக்கிறது. ‘வெரி குட்’ என்பது மெதுவான இடங்களில் கரகர சத்தம் கேட்கிற, நகத்தால் தடவினால் கீறல் தட்டுப்படுகிற தட்டு. ‘குட்’ அதற்கும் கீழே: ஊசி துள்ளாமல் கடைசிவரை ஓடும், அவ்வளவுதான். பள்ளிக்கூட ரேங்க் கார்டு ஆங்கிலத்தோடு அங்கே போனால், நல்ல தட்டுக்கு ‘குட்’ என்று போட்டு நஷ்டப்படுவோம், அல்லது ‘மின்ட்’ என்று போட்டு மாட்டிக்கொள்வோம். உறைக்குத் தனி மதிப்பீடு, தட்டுக்குத் தனி மதிப்பீடு என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு படி குறைத்தே போடுங்கள். விலை கொஞ்சம் இறங்கும், தூக்கம் கெடாது.

“வழியில் உடைந்தால் தபால்காரர்கள் பொறுப்பு.”

வாங்கியவர் கணக்கில் நீங்கள்தான் பொறுப்பு. உடைந்து வந்த பொருளும் ‘வர்ணனைக்கு மாறானது’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். எல்.பி.யை உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் குலுங்கும்போது தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தட்டை உருவி, உள்ளுறையோடு அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுக்க வேண்டும். அரக்குத் தட்டு என்றால் இன்னும் இரட்டிப்புப் பயம், அது அப்பளம்.

அனுப்பிய ரசீது மட்டும் கையில் இருந்தும் பயனில்லை. ‘வரவில்லை’ என்ற புகாருக்குப் பதில், பொருள் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் தடமறியும் எண். அதுவும் பணம் கட்டியபோது பதிவான முகவரிக்கே போயிருக்க வேண்டும். ‘நண்பர் வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று பிறகு செய்தி வந்தால், விற்பனையை ரத்து செய்துவிட்டுப் புதிய முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள்.

“‘கிஃப்ட்’ என்று எழுதி விலையைக் குறைத்துப் போட்டால் இருவருக்கும் லாபம்.”

வாங்குபவர்களே கெஞ்சிக் கேட்பார்கள். சுங்கப் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, பொய்யும் உங்களுடையதுதான். பார்சல் தொலைந்து இழப்பீடு கேட்கும்போது, நீங்களே எழுதிய குறைந்த விலை உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ‘சின்னப் பொருளுக்கு வரி இல்லை’ என்ற பழைய நினைப்பும் கரைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அந்தச் சமயத்தில் இந்தியத் தபால் துறையே அமெரிக்கப் பார்சல்களைப் பெரும்பாலும் ஏற்காமல் சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்தது. வரி யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எதிர்பாராத வரியைப் பார்த்து வாங்கியவர் பார்சலை மறுத்தால், அது கடல் கடந்து உங்களிடமே திரும்பும்.

மிகப் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கவுஹர் ஜான் 1902இல் கல்கத்தாவில் பாடிய தட்டு போன்றவை நூறு வருடத்தைத் தாண்டியவை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது, மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் கேளுங்கள்.

“வெளிநாட்டுக்காரர்கள் நம் தட்டை வைத்துக்கொண்டு தங்கள் உடைசலைத் திருப்பி அனுப்புவார்கள்.”

நடந்திருக்கிறது, எல்லா ஊரிலும் நடக்கும். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி இருக்கும் வெற்று வளையத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதையும், அந்தத் தட்டுக்கே உரிய கீறல்களையும், பேக் செய்வதற்கு முன் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் படமெடுத்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஓட்டி, ஊசி இறங்குவது முதல் தூக்குவது வரை செல்போனில் பதிவு செய்யுங்கள். ஜெர்மானியருக்கு நான் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தட்டை அவரே வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவரே இன்னொன்று வாங்கினார், நான் ‘வெரி குட் பிளஸ்’ என்று போட்டிருந்ததை.