ரேடார் சென்சாருக்குப் பெட்டி: மூடியும் ஆன்டெனாவின் பாகமே

சுரங்க டம்பரோ ஃபோர்க்லிஃப்டோ பின்னால் வரும்போது, ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஓர் ஆள் நிற்கலாம். அந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் ரேடார் சென்சார். கேமரா திணறும் புழுதியிலும் இருட்டிலும் அது வேலை செய்யும். ஆனால் அதைக் காக்க நாம் போடும் பெட்டியே அதன் பார்வையைக் கெடுத்துவிட முடியும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் மெக்கானிக்கல் பொறியாளர்கள் முதல் நாளே மனதில் இருத்த வேண்டியது இது: பெட்டியைக் கடைசியில் தேடக் கூடாது; சென்சாரோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தடிமனைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்

இவ்வகைச் சென்சார்கள் பெரும்பாலும் 24, 60, 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகின்றன. 77 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் காற்றில் சுமார் 3.9 மி.மீ.; பிளாஸ்டிக்குக்குள் இன்னும் குறையும். மூடியின் தடிமன் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் அலைநீளத்தில் பாதியாகவோ அதன் மடங்காகவோ இருந்தால், மூடியின் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கணக்கு எளிது. காற்றில் உள்ள அலைநீளத்தின் பாதியை, பிளாஸ்டிக்கின் மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 77 கிகாஹெர்ட்ஸில், மாறிலி 2.8 உள்ள பாலிகார்பனேட்டுக்கு 1.16 மி.மீ. வரும்; 2.25 உள்ள பாலிபுரொப்பிலீனுக்கு 1.3 மி.மீ. வலு போதாதென்றால் நேராக இரட்டிப்பாக்குங்கள். 'கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்' என்று பாலிகார்பனேட்டை 1.74 மி.மீ. ஆக்கினால், அலையாற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூடியிலேயே பட்டுத் திரும்பிவிடும். அந்த எதிரொலி, அருகில் நிற்கும் ஆளின் சிக்னலை மூழ்கடிக்கும்.

பொருளை கிரேடு வரை குறிப்பிடுங்கள்

பாலிபுரொப்பிலீன் அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். பாலிகார்பனேட் அதைவிடக் கூடுதலாக உறிஞ்சினாலும் அடி தாங்கும். உலோகத் துகள் கலந்த பெயின்ட் வேண்டவே வேண்டாம். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன், வலுவுக்காகச் சேர்க்கும் கண்ணாடி இழை இரண்டும் கணக்கை மாற்றிவிடும். எனவே வரைபடத்தில் 'பிளாஸ்டிக், கறுப்பு' என்று மட்டும் எழுதாமல் கிரேடு, நிறமி, வெயில் தாங்கும் தன்மை, தடிமனில் அனுமதிக்கும் வித்தியாசம் எல்லாவற்றையும் எழுதுங்கள். இல்லையென்றால் கொள்முதல் பிரிவு விலை குறைந்த கிரேடுக்கு மாறும்போது, சென்சாரின் எட்டும் தூரமும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

ஆன்டெனாவுக்கு முன்னால் எதுவும் வேண்டாம்

ஆன்டெனாவுக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் காற்றின் அரை அலைநீளத்தின் மடங்காக வையுங்கள். 77 கிகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 1.95 மி.மீ. சென்சாரின் பார்வைக் கோணத்துக்குள் திருகு, ரிப், லோகோ, ஸ்டிக்கர் எதுவும் வரக் கூடாது. உள்ளிருக்கும் சிப் சூடாகும் என்பதால், பின்பக்கத்தை அலுமினியத்தில் செய்து வெப்பத்தை வெளியேற்றுங்கள். முன்பக்கத்தில் மட்டும் உலோகம் ஆகாது. அது அலையை முழுவதும் திருப்பிவிடும்.

தண்ணீரை இரு வழியில் தடுங்கள்

ஒன்று, உள்ளே புகும் நீர். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் உயரழுத்த வெந்நீரில் கழுவப்படும் இயந்திரத்துக்கு ஐபி69கே கேளுங்கள். சூடான பெட்டியில் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, கேஸ்கெட் வழியே நீர் உறிஞ்சப்படும். அழுத்தத்தைச் சமன் செய்யும் வென்ட் இதற்குத்தான். இன்னொன்று, மூடியின் மேல் தங்கும் நீர். மெல்லிய நீர்ப்படலம்கூட இந்த அலைகளைக் கணிசமாக விழுங்கும். நீர் வழிந்தோடும்படி மூடியை அமைத்து, நீர் ஒட்டாத பூச்சு கொடுங்கள்.

மூடியோடு சோதியுங்கள்

அலையை வந்த திசையிலேயே திருப்பும் கார்னர் ரிஃப்ளெக்டரை ஒரே இடத்தில் வைத்து, மூடி இல்லாமல், மூடியோடு, நனைந்த மூடியோடு, சேறு பூசிய மூடியோடு அளந்து ஒப்பிடுங்கள். நேர் எதிரே மட்டுமின்றிப் பக்கவாட்டுக் கோணங்களிலும் அளவிடுங்கள். மண் வேலை இயந்திரங்களில் பொருளைக் கண்டறியும் கருவிகளுக்கான சோதனைகளை ஐஎஸ்ஓ 16001 தரநிலை வகுத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் சோதனையைத் திட்டமிடுங்கள்.

மோல்டு வெட்டிய பிறகு தடிமனை மாற்றுவது செலவு. இயந்திரம் களத்துக்குப் போன பிறகு மாற்றுவது ஆபத்து. ஆகவே முதல் வடிவமைப்புக் கூட்டத்திலேயே மூன்று விடைகளைக் கேட்டு வாங்குங்கள்: எந்த அலைவரிசை, எவ்வளவு பார்வைக் கோணம், இயந்திரத்தை எப்படிக் கழுவுகிறார்கள். இவை தெரிந்த பின் பெட்டி வரையத் தொடங்குங்கள்.