பறக்கும் படகும் பெல்லந்தூர் ஏரியும்

பெங்களூரில் பெல்லந்தூர் என்று ஓர் ஏரி இருக்கிறது. நகரத்து ஏரிகளில் இதுவே பெரியது. சுமார் 80 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஏரியில் விமானங்கள் இறங்கின. ஆம், தண்ணீரில்தான் இறங்கின!

பறக்கும் படகு

இந்த வகை விமானத்துக்குப் 'பறக்கும் படகு' என்று பெயர். அதன் அடிப்பகுதி படகு போல இருக்கும். அதற்கு ஓடுபாதை தேவையில்லை. ஏரியில் இறங்கும். அங்கிருந்தே மேலே கிளம்பும்.

1940-ல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் பயன்பட்ட 'கேட்டலினா' பறக்கும் படகுகள் பழுதுபார்க்க இங்கே வந்தன. அவை இறங்க பெல்லந்தூர் ஏரி உதவியது.

பயணிகளும் பணியாளும்

போருக்கு முன்பே பறக்கும் படகுகளில் பயணிகளும் போனார்கள். ஆனால் அவை பெங்களூருக்கு வரவில்லை. 1938-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கும் படகுகள் போய் வந்தன. கராச்சி, குவாலியர், கல்கத்தா ஆகிய ஊர்கள் வழியில் இருந்தன. குவாலியரில் ஏரியில் இறங்கும். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் இறங்கும். பயணம் முடிய ஒன்பது, பத்து நாள் ஆகும். இரவில் பயணிகள் கரையில் தங்குவார்கள்.

ஒரு விமானத்தில் 24 பேர் வரை உட்காரலாம். அவர்களைக் கவனிக்க ஒரு பணியாளர் இருப்பார். அந்நாளில் இந்த வேலையை ஆண்களே செய்தார்கள். விமானத்தில் சமையல் கிடையாது. கரையில் சமைத்த உணவு, சூடு ஆறாத பாத்திரங்களில் வரும். அதை அவர் பரிமாறுவார். காற்று அடித்தால் விமானம் குலுங்கும். சிலருக்கு வாந்தி வரும். அவர்களையும் அவரே பார்த்துக்கொள்வார்.

தண்ணீரே ஓடுபாதை

இறங்கும் நேரம்தான் கவலையான நேரம். தண்ணீரில் ஒரு மரக்கட்டை மிதந்தாலும் ஆபத்து. விமானத்தின் அடி உடைந்துவிடும். அதனால் முதலில் ஒரு மோட்டார் படகு போய்த் தண்ணீரைப் பார்த்துவரும். பயணிகளின் உயிரும் பணியாளரின் உயிரும் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தன.

இன்றைய ஏரி

பிறகு பெங்களூர் வளர்ந்தது. சாக்கடைநீர் பெல்லந்தூர் ஏரியில் கலந்தது. 2015-ல் ஏரி நுரையால் மூடியது. நுரை சாலைக்கும் பறந்து வந்தது. 2017-லும் 2018-லும் ஏரியில் தீப்பிடித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. பிறகு சேறு அள்ளும் வேலை தொடங்கியது.

விமானமே நம்பி இறங்கிய ஏரி அது. அது கெட ஒரே நாள் போதவில்லை. பல ஆண்டுகள் பலரும் பார்த்துக்கொண்டு இருந்ததால்தான் கெட்டது. நம் ஊர் ஏரியிலும் சாக்கடை கலக்கிறதா? இன்றே கேட்போம். ஊராட்சியில் கேட்போம்.

கேள்விகள்

1. பறக்கும் படகுக்கு ஏன் ஓடுபாதை தேவையில்லை?
2. விமானப் பணியாளர் என்னென்ன வேலை செய்தார்?
3. இறங்கும் முன் தண்ணீரை ஏன் பார்த்தார்கள்?
4. உங்கள் ஊர் ஏரி முன்பு எப்படி இருந்தது? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.