வாக்கைக் காப்பது யார்?

க.பொ.த. (உயர்தர) கலைப் பிரிவு மாணவி

தேர்தல் என்றவுடன் எம்மில் பலருக்கு ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. பாடசாலைக்கு விடுமுறை, எமது வகுப்பறையே வாக்களிப்பு நிலையமாக மாறுவது, பெரியவர்களின் இடது கைச் சின்ன விரலில் மை, இரவு முழுவதும் தொலைக்காட்சியில் முடிவுகள். 1931 இல் டொனமூர் யாப்பின் மூலம் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது என்பதை அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் மனனம் செய்திருக்கிறோம். வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1959 இல் என்பதும் தெரியும். ஆனால் சட்டத்தில் எழுதப்பட்ட அந்த உரிமை ஒரு வீட்டின் வாசல் வரை எப்படி வந்து சேர்கிறது, வரும் வழியில் எங்கெல்லாம் தொலைகிறது, அதைக் காப்பவர்கள் யார் என்பதைப் பாடநூல் அதிகம் பேசுவதில்லை. அதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

வாக்கு தொலைவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சத்தத்தோடு தொலைவது. மற்றது சத்தமில்லாமல் தொலைவது.

முதலாவதற்கு எமது நாட்டின் வரலாற்றிலேயே உதாரணங்கள் உள்ளன. 1982 டிசம்பர் 22 இல் நடந்த மக்கள் தீர்ப்பில், பொதுத் தேர்தல் இன்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. அந்த வாக்கெடுப்பில் நடந்த முறைகேடுகள் பின்னர் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையிலேயே பதிவாகின. 1999 ஜனவரி 25 இல் எங்கள் வடமேல் மாகாணத்தில் நடந்த மாகாண சபைத் தேர்தலையும் சொல்ல வேண்டும். வாக்களிப்பு நிலையங்களிலிருந்து முகவர்கள் விரட்டப்பட்டதும், கள்ள வாக்குகள் பெட்டிகளில் நிரப்பப்பட்டதும் அத்தேர்தலைப் பற்றிப் பேசும் எவரும் மறக்காத விடயங்கள். ‘வயம்பத் தேர்தல்’ என்றாலே இன்றும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இவற்றைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. நீதியானதும் சுதந்திரமானதுமான தேர்தலுக்கான மக்கள் செயற்பாடு, அதாவது பெப்ரல் அமைப்பு, 1987 இல் ஆரம்பமானது. தேர்தல் வன்முறைகளைக் கண்காணிப்பதற்கான நிலையம் 1997 இல் உருவானது. பெயரைக் கேட்டால் பெரிய அலுவலகங்கள் போலத் தோன்றும். ஆனால் தேர்தல் நாளில் இவற்றின் சார்பில் நிற்பவர்கள் ஊரிலுள்ள சாதாரண மனிதர்கள்தான். வன்முறை நடந்தால் அறிவிப்பதும், யாராவது வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டால் குறித்துக்கொள்வதும், அதை ஒரு படிவத்தில் எழுதி அனுப்புவதுமே அவர்களின் வேலை. அந்தப் படிவங்கள் நாடு முழுவதிலிருந்தும் ஒன்று சேரும்போதுதான் அவற்றின் பலம் தெரிகிறது. ‘எங்கள் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று அதன் பிறகு யாரும் இலகுவாகச் சொல்லிவிட முடியாது.

இவ்விடத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் 1986 ஆம் ஆண்டுத் தேர்தலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. நீண்ட காலம் ஆட்சியிலிருந்த மார்க்கோஸை எதிர்த்து கொரசோன் அக்கினோ போட்டியிட்ட தேர்தல் அது. ‘நம்ஃப்ரெல்’ என்ற மக்கள் அமைப்பு ஏறக்குறைய ஐந்து இலட்சம் தொண்டர்களைத் திரட்டியது. ஆசிரியர்கள், மாணவர்கள், கன்னியாஸ்திரிகள் என்று பலரும் அதில் இருந்தனர். வாக்குப் பெட்டிகளைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். வாக்களிப்பு நிலையங்களின் எண்ணிக்கைகளைத் தாமே சேகரித்துத் தனியாகக் கூட்டினார்கள். அரசின் கணக்கில் மார்க்கோஸும் மக்களின் கணக்கில் அக்கினோவும் முன்னணியில் இருந்தனர். பெப்ரவரி 9 ஆம் திகதி, அரசின் எண்ணும் நிலையத்தில் வேலை செய்த சுமார் 35 கணினிப் பணியாளர்கள், தாம் பதியும் எண்களும் பலகையில் காட்டப்படும் எண்களும் வேறுபடுகின்றன என்று எழுந்து வெளியேறினார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். அம்மாத இறுதிக்குள் மார்க்கோஸ் நாட்டை விட்டே வெளியேறினார். அன்று இலட்சக்கணக்கானோர் வீதியில் இறங்கியது உண்மை. எனினும் வீதிக்கு வந்தவர்களின் கையில் ஒரு கணக்கு இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். சத்தமில்லாமல் தொலையும் வாக்குகளே இன்று எமது ஊர்களில் அதிகம் என்பது எனது கருத்து.

அதன் தொடக்கம் தேருநர் இடாப்பு. இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், வாக்கு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் கிராம உத்தியோகத்தர் மூலம் பீ.சீ. படிவம் வருகிறது. (எனது உம்மம்மா அவரை இன்னும் ‘விதானையார்’ என்றுதான் சொல்வார்.) வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அதில் நிரப்ப வேண்டும். பின்னர் நீக்கப்படவுள்ள பெயர்கள் ‘ஏ’ பட்டியலாகவும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்கள் ‘பீ’ பட்டியலாகவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பெயர் விடுபட்டிருந்தால் கோரிக்கை விடுக்கலாம், தகுதியற்ற பெயர் இருந்தால் ஆட்சேபிக்கலாம். அந்தப் பட்டியல்களைப் போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? தேர்தல் நாளன்று காலையில்தான் பலர் தமது பெயரைத் தேடுகிறார்கள். அப்போது தேடி என்ன பயன்?

இடாப்பு எவ்வளவு பெரிய விடயம் என்பதை வடபுல முஸ்லிம்களின் கதையே சொல்லும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்கு வந்தனர். எனது உம்மம்மாவும் முசலியிலிருந்து அப்படி வந்தவர்தான். வந்தவர்கள் எங்கே பதிவது? புத்தளத்தில் பதிந்தால் பிறந்த மண்ணோடு இருந்த கடைசிப் பிடியும் விடுபடுமோ என்ற பயம். மன்னாரில் பதிந்தால் ‘நீங்கள் இங்கே இருப்பதில்லையே’ என்ற கேள்வி. முன்னைய தேர்தல்களில் புத்தளத்திலேயே இவர்களுக்கு விசேட வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டதுண்டு. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தமது பழைய இடத்தில் பதிவதற்கான விசேட சட்டம் 2013 இல் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் எடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் தினம். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ் தொடரணி தந்திரிமலைப் பகுதியில் வழிமறிக்கப்பட்டது. வீதியில் டயர்கள் எரிக்கப்பட்டன, கற்கள் வீசப்பட்டன, துப்பாக்கிச் சூடும் நடத்தப்பட்டது. அல்லாஹ்வின் உதவியால் எவருக்கும் காயமில்லை. இந்தச் செய்தியை முதலில் வெளியே கொண்டுவந்தவர்களில் தேர்தல் கண்காணிப்பாளர்களும் இருந்தனர். அந்த பஸ்கள் திரும்பிவிடவில்லை, பயணிகள் மன்னார் சென்று வாக்களித்தார்கள்.

அத்தனை தூரம் பஸ்ஸில் போய் வாக்களித்தவர்களை நினைக்கும்போது, அடுத்த ஒழுங்கையிலுள்ள பாடசாலைக்குப் போகாதவர்களின் எண்ணிக்கை கவலை தருகிறது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 79.46 வீதமானோர் வாக்களித்தனர். 54 நாட்கள் கழித்து நவம்பர் 14 இல் நடந்த பொதுத் தேர்தலில் அது 68.93 வீதமானது. அதே இடாப்பு, அதே ஒரு கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354 பெயர்கள். ஆனால் பதினெட்டு இலட்சம் பேர் குறைவு. ‘முடிவு தெரிந்ததுதானே’ என்று சிலர் இருந்திருக்கலாம். கொழும்பில் தொழில் செய்பவருக்கு இரண்டு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக ஊருக்கு வரச் செலவு கட்டுப்படியாகாமல் போயிருக்கலாம். இவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது இலகு. ஒரு வாகனத்தை ஒழுங்கு செய்வதே கடினம். (அதையும் கட்சிக்காரர் செய்தால் சட்டப்படி குற்றமாகும் என்பதை மறந்துவிடக் கூடாது.)

வாக்களிக்காமல் இருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆள்மாறாட்டம் செய்பவர் தேடுவது வராத ஆளின் பெயரைத்தான். எமது சமூகத்தில் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அதிகம், அங்கிருந்து வாக்களிக்கும் வசதி இலங்கையருக்கு இன்னும் இல்லை. மௌத்தானவர்களின் பெயர்களும் சில வீடுகளில் நீக்கப்படாமல் கிடக்கின்றன. பெயரை நீக்கச் சொல்வது மையித்தை அவமதிப்பது போல் சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரில் இன்னொருவர் மை பூசிக்கொள்வதுதான் அவமதிப்பு.

போய் வாக்களித்தவர்களின் வாக்கும் முழுமையாகச் சேர்வதில்லை. மேற்சொன்ன பொதுத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 667,240. ஜனாதிபதித் தேர்தலில் இருந்ததைவிட இரு மடங்குக்கும் அதிகம். பொதுத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கு அல்லது ஒரு சுயேச்சைக் குழுவுக்கு மட்டும் புள்ளடியிட வேண்டும். பின்னர் அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். மூவருக்கு மேல் அடையாளமிட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் செல்லாது, கட்சிக்கான வாக்கு எண்ணப்படும். ஆனால் இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடியிட்டால் முழுச் சீட்டும் கழிக்கப்படும்.

இதை விளங்கப்படுத்த நானும் எனது ராத்தாவும் கொப்பித் தாளில் மாதிரிச் சீட்டுகள் தயாரித்தோம். கட்சிச் சின்னங்கள் வேண்டாம் என்று பூனை, தேத்தண்ணிக் கோப்பை, வட்டிலப்பம் என்று வரைந்தோம். உம்மம்மா வட்டிலப்பத்துக்கும் தேத்தண்ணிக்கும் புள்ளடியிட்டார். “ரெண்டும் நல்லதுதானே மகள், ஒண்ட மட்டும் எப்படி விடுற?” என்றார். அந்தச் சீட்டைக் கிழித்துக் காட்டியபோதுதான் அவருக்கு விளங்கியது. பிறகு எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகளில் இதைச் செய்தோம். ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று எவரிடமும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்ல வந்த ஒரு மாமாவையும் நிறுத்திவிட்டோம். அவருக்குச் சற்றுக் கோபம்தான்.

முன்னர் குறித்த ஒரு தினத்தில் பதினெட்டு வயது நிறையாதவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 சட்டத் திருத்தத்தின் பின்னர், ஆண்டின் நடுவில் பதினெட்டை எட்டுபவர்களுக்காக மேலதிக இடாப்புகள் தயாரிக்கப்படுகின்றன. எமது வகுப்பில் பலருக்கு இவ்வாண்டு பதினெட்டு பூர்த்தியாகிறது. அடையாள அட்டை கையில் இருக்கிறதா, வீட்டுப் பீ.சீ. படிவத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்டதா என்று இன்றே உம்மாவிடம் கேளுங்கள். எங்கள் வீட்டுப் படிவத்தை இம்முறை நான்தான் நிரப்பினேன். பட்டியல் ஒட்டப்பட்டதும் நானே போய்ப் பார்ப்பேன்.