காலையில் கார் ‘ஆஃப்’ ஆகிறதா? திருப்புளியைத் தொடாதீர்கள்

தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையம் கிளம்பும் பெட்ரோல் கார் காலையில் இரண்டு முறை அணைந்தால், ‘ஐடிலிங்கை ஏற்றி வையுங்கள்’ என்பதே பலருக்கும் முதலில் தோன்றும். கார்புரேட்டர் காலத்துக்கு அது சரி. இன்றைய காரில் ஐடிலிங்கை முடிவு செய்வது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு. கூலன்ட் சென்சார் இன்ஜின் சூட்டையும், காற்றுவழிச் சென்சார் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் சொல்ல, இன்ஜின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலையும் காற்றையும் கூட்டி நிமிடத்துக்கு 1,200 சுற்று வரை ஓட்டும். சூடேறியதும் 800 அளவுக்கு இறக்கும். ஐடிலிங்கை ஏற்றும் திருகுக்கு இந்தச் சூடு தெரியாது. காலைக் கோளாறுக்காக ஏற்றி வைத்தால், மதியம் சிக்னலில் வண்டி உறுமிக்கொண்டே நின்று பெட்ரோலைக் குடிக்கும்.

‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?’ என்று, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதைக் கழற்றிவிடுவோரும் உண்டு. மார்கழிக் காலையில் இன்ஜின் சூடு 25 டிகிரிக்குள்தான் இருக்கும். சீராக ஓட ஏறக்குறைய 90 டிகிரி வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்தச் சூட்டுக்கு வரத் தாமதமாகும். அதுவரை இசியு பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். கூலன்ட் குறைந்தாலும் சென்சார் தவறாகச் சொல்லும்.

ஆகவே இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். அடுத்து சென்சார் கனெக்டர், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடியில் படிந்த கரி. விடிகாலையில் வண்டியை எடுக்கும் முன் ஸ்கேனரில் பார்த்தால், கூலன்ட், காற்றுவழிச் சென்சார்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டைக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால், கோளாறு அங்கேதான்.