கண்ணுக்குக் கலர் போடலாமா?

(இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பம்)



இந்த ஆண்டு விழா நடனத்துக்குப் பச்சைக் கண், பூனைக் கண் லென்ஸ் போட்டு மேடை ஏறலாம் என்று விடுதியில் ஒரு பேச்சு ஓடியது. "பவர் இல்லாத லென்ஸ்தானே, வளையல் மாதிரி போட்டுட்டுக் கழட்டிரலாம்" என்று ஒருவர் சொன்னார். வளையலும் லென்ஸும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கிடைத்ததே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். ரேஷன் கார்டிலிருந்து டாக்டர் சீட்டு வரை வீட்டுக்கு வருகிற காகிதத்தை எல்லாம் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில், இதையும் படித்த அளவுக்கு எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். கலர் லென்ஸ் போடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தெரிந்து போடுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

லென்ஸ் வந்த கதை

1888ஆம் ஆண்டிலேயே அடால்ஃப் பிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்ணின் மேல் வைக்கும் கண்ணாடி லென்ஸைப் பற்றி எழுதினார். அதைச் சிறிது நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. மென்மையான லென்ஸுக்கு வழி காட்டியவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தம் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டு செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் இயந்திரம் கட்டி, அதில் லென்ஸை வார்த்தெடுத்தார். பட்டறையில் கை அழுக்காகும் நமக்கு இதைக் கேட்டால் உற்சாகமாக இருக்கிறது! அமெரிக்காவில் மென் லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது 1971இல். பார்வைக் குறைக்காக வந்த பொருள் பிற்பாடு அழகுக்கும் வந்தது, சினிமாவுக்கும் வந்தது.

கண்ணின் முன் கண்ணாடி

கருவிழிக்கு மேலே கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான படலம் இருக்கிறது. இதைக் கார்னியா என்பார்கள். அதன் நடுப்பகுதியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதற்கும் மேலே உள்ள தோல் போன்ற அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். கிருமியை உள்ளே விடாமல் காப்பது இந்த மெல்லிய அடுக்கே.

கார்னியாவில் ரத்தக் குழாய் கிடையாது. அது ஊடுருவித் தெரிவது அதனால்தான். ரத்தம் இல்லாததால், தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே லென்ஸ் வைப்பது கார்னியாவின் மூக்கில் துணி கட்டுவது போல! நல்ல துணியாக இருந்தால் மூச்சு விடலாம். சாக்காக இருந்தால்? மூச்சு முட்டிய கார்னியா வீங்கும், அதன் மேல் அடுக்கு எளிதில் உரியும், உரிந்த இடத்தில் கிருமி நுழையும்.

லென்ஸுக்கு வளைவும் விட்டமும் உண்டு. பாக்கெட்டில் 8.6, 14.2 என்று மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பது அவைதான். பிட்டிங் பாடம் படித்த நமக்கு இது புரியாதா? ஷாஃப்ட்டுக்குப் பொருந்தாத பேரிங் என்ன ஆகும்? தேய்க்கும். பவர் பூஜ்யம் என்றாலும் வளைவு பூஜ்யம் இல்லை. ஆகவே பவர் இல்லாத லென்ஸுக்கும் கண் மருத்துவரின் அளவு வேண்டும்.

கலர் எங்கே இருக்கிறது?

இது நம் துறைக் கேள்வி. சிவகாசி காலண்டரில் ஒரு சாமி படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கலர் லென்ஸும் அப்படித்தான். பெரும்பாலும் அது அச்சடித்த பொருள். நடுவில் பார்வைக்குத் துளை விட்டு, சுற்றிலும் நிறமியைப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ பதிக்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் வெளிர்நிறக் கண்ணுக்கு லேசான சாயம் போதும். நம்முடைய கரும்பழுப்புக் கண்ணை மறைக்க வேண்டும் என்றால் ஒளி புகாத, அடர்த்தியான நிறமி தேவை.

காலண்டர் அட்டைக்கு லேமினேஷன் போட்டால் மை உரசாது. போடாவிட்டால் கையில் ஒட்டும். நல்ல லென்ஸில் நிறமி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். சில லென்ஸ்களில் நிறமி மேற்பரப்பிலேயே இருப்பதையும், ஈரப் பஞ்சால் தேய்த்தால் கலர் பஞ்சில் ஒட்டுவதையும் ஆய்வாளர்கள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்புக் கார்னியாவை உரசும். கிருமி ஒட்டிக்கொள்ளவும் வசதியாகும்.

வேடிக்கை லென்ஸில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் கண்மணி இருட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். லென்ஸின் துளை விரியாது. ராத்திரியில் கண்மணி துளையைவிடப் பெரிதாகும்போது கலர் குறுக்கே வந்து பார்வை மங்கும். கண் முழுக்க வெள்ளையாகத் தெரியும் வலை லென்ஸில் எல்லா நேரமும் மங்கல்தான். அதைப் போட்டுக்கொண்டு மேடைப் படி இறங்குவதே சிரமம். பைக் ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்ம மண்ணும் நம்ம கண்ணும்

"சினிமாக்காரங்க போடலையா?" என்று கேட்கலாம். போடுகிறார்கள். அவர்களுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. 2024 ஜூலையில் இந்திச் சின்னத்திரை நடிகை ஜாஸ்மின் பாசின், டெல்லியில் ஒரு நிகழ்ச்சிக்காக லென்ஸ் போட்டதும் கண் வலித்ததாகவும், கார்னியா பாதிக்கப்பட்டு இரு கண்ணிலும் கட்டுப் போட வேண்டி வந்ததாகவும் அவரே சொன்னார். பிரான்ஸ் நாட்டில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர் அளவு இல்லாமல் அழகுக்காகப் போடும் லென்ஸால் கார்னியாவில் கிருமி தொற்றும் வாய்ப்பு 16 மடங்குக்கு மேல் என்று கண்டது.

அது டெல்லி, பிரான்ஸ். நம்ம ஊருக்கு வருவோம். பக்கத்து மாவட்டமான மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் பங்கு கொண்ட ஓர் ஆய்வு 1996இல் வெளியானது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கார்னியாவில் புண் வருவதாக அது கணக்கிட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் அதே கணக்கு 11 பேர்தான். பத்து மடங்கு வித்தியாசம்!

ஏன்? 1994இல் மூன்று மாதத்தில் அங்கு வந்த 434 புண் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பூஞ்சை. பூஞ்சைப் புண் ஆறுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

இது லென்ஸால் வந்த புண்களின் கணக்கு இல்லை. பெரும்பாலும் உழைக்கிற மக்களின் கண்ணில் மண்ணும் பயிரும் தூசியும் பட்டு வந்தவை. ஆனால் பாடம் ஒன்றுதான். நம் வெயிலிலும் புழுதியிலும் பூஞ்சை எப்போதும் காத்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு சின்னக் கீறல். அந்தக் கீறலை நாமே காசு கொடுத்து வாங்கி வைக்கலாமா?

எங்க அம்மாச்சிக்கு இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. பருத்திக் காட்டில் களை எடுக்கும்போது ஏதோ அடித்துவிட்டதாம். தாய்ப்பால் பீச்சினார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்தும் வாங்கி ஊற்றினார்கள். பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனபோது புண் ஆறியும் தழும்பு நின்றுவிட்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்தினோம். அம்மாச்சி இன்றும் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறார். பூ விழுந்த கண் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் கார்னியாவில் புண் ஆறி நின்ற தழும்புதான்.

போடுவதாக இருந்தால்

1. முதலில் கண் மருத்துவரிடம் காட்டி அளவு எடுங்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2005லேயே, பவர் இல்லாத அலங்கார லென்ஸையும் மருத்துவக் கருவி என்று சட்டம் போட்டார்கள். பொட்டு, வளையல் விற்கிற இடத்தில் வாங்குகிற சாமான் இல்லை இது.

2. தயாரித்தவர் பெயர், வளைவு, விட்டம், காலாவதித் தேதி இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

3. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு பறக்காத துணியில் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். மிளகாய் கிள்ளிய கை, அச்சு மை பட்ட கை, அலுமினியப் பொடி பட்ட கை ஆகாது.

4. தண்ணீர் படவே கூடாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது கார்னியாவுக்குள் புகுந்தால் வைத்தியம் மிகக் கடினம். எச்சில் தொட்டுப் போடுவது அதைவிட மோசம். லென்ஸுக்கு என்று விற்கும் திரவம் மட்டுமே பயன்படுத்துங்கள். நேற்றைய திரவத்தின் மேலேயே இன்று ஊற்றாமல், கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

5. லென்ஸைப் போட்ட பிறகு மேக்கப். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். கண்மையை இமையின் உள்விளிம்பில் இழுக்க வேண்டாம்.

6. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. தூங்கினால் கிருமி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு. ஒத்திகை முடிந்து பஸ்ஸில் கண் அசருவதும் தூக்கம்தான்!

7. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது. மேடையில் நாலு பேர் ஆட ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால், நாலு பேரின் கிருமியும் நாலு பேருக்கும்.

பட்டறையிலும் பட்டாசிலும்

"வெல்டிங் வெளிச்சம் பட்டால் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கும்" என்று பட்டறையில் ஒரு கதை உலவுகிறது. பல நாடுகளில் பல வருடமாக உலவும் கதை இது. உண்மை இல்லை. ஆனால் வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிர் கார்னியாவைச் சுடுவது உண்மை. லென்ஸ் ஒருபோதும் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பட்டறைக்கும், பட்டாசு வெடிக்கும் இடத்துக்கும் கலர் லென்ஸ் வேண்டாம். தூசி லென்ஸுக்கு அடியில் புகுந்தால் இமைக்கிற ஒவ்வொரு தடவையும் உரசும்.

நம்ம பக்கத்தில் மருந்து என்றாலே பட்டாசு மருந்துதான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி போன்றவை கண்ணில் விழுந்தால், லென்ஸைத் தேடிக் கழற்றிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள். கழுவும்போது லென்ஸ் எளிதாக வந்தால் எடுத்துவிட்டு, 15 நிமிடமாவது தொடர்ந்து கழுவி, மருத்துவமனைக்கு ஓடுங்கள். லென்ஸில் தண்ணீர் படக் கூடாது என்ற விதி இந்த ஒரு சமயத்துக்குப் பொருந்தாது.

வெடித்துக் கண்ணில் அடிபட்டிருந்தால் வேறு முறை. தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, கழுவக் கூடாது, குத்தியிருப்பதைப் பிடுங்கக் கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கப்பால் மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கண் சிவந்தால்

சிவப்பு, வலி, கண்ணீர் வடிதல், வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இவற்றில் ஒன்று வந்தாலும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம். டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோனால் எந்தக் கிருமி என்று பரிசோதிக்க உதவும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது. சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கார்னியாவை அரித்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, சிவப்பைக் குறைத்துக் காட்டிக்கொண்டே பூஞ்சையை வளரவிடும். மதுரை வரை போக முடியாதவர்களுக்கு விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செலவுக்குப் பயந்து யாரும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

முடிவுரை

நண்பர்களே! அச்சகத்தில் ஒரு ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சள் ஏறியிருக்கிறதா, நீலம் குறைந்திருக்கிறதா என்று சொல்வது கண். மைக்ரோமீட்டர் கோட்டைப் படிப்பது கண். ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ, கண் பரிசோதனையில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள். நம்மில் பல பேர் வீட்டில் நாம் படிப்பதற்காக யாரோ ஒருவர் தூசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அவர்கள் நமக்காகச் சேர்க்கிற சொத்து இந்தப் படிப்பு. அந்தப் படிப்பு உள்ளே வருகிற வாசல் நம் கண்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? லென்ஸ் வாங்கும் முன் டாக்டர், போடும் முன் சோப்பு, தூங்கும் முன் கழற்றல். இந்த மூன்றையும் செய்ய முடியாது என்றால், அம்மா அப்பா கொடுத்த கறுப்புக் கண்ணோடே மேடை ஏறுவோம். அது ஒன்றும் அழகில் குறைந்தது இல்லை!