எங்க வீட்டு செட்டில் 'உம்ம்ம்' சத்தம் எங்கிருந்து வந்தது?

இந்த மாதம் நான் எழுதுவது எங்கள் வீட்டு ஆம்ப்ளிபயர் செட்டில் வந்த இரைச்சலைப் பற்றி. இதுவும் இயற்பியல் பாடம்தான், ஆனால் நம்ம புத்தகத்தில் இந்தப் பாடம் இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். எங்கள் தாத்தா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்து விட்டார். அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது பரணில் ஒரு கேசட் கிடைத்தது. ஒரு பக்கம் இளையராஜா பாட்டு (அவர் நம்ம பண்ணைப்புரத்துக்காரர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை). மறுபக்கம் தாத்தா திராட்சைத் தோட்டத்தில் உட்கார்ந்து பாடிப் பேசியது! அப்பாவின் பழைய டேப் டெக்கில் போட்டால், தாத்தா குரலுக்கு மேலே 'உம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். அப்பத்தா காதை ஸ்பீக்கரில் ஒட்ட வைத்துக்கொண்டு, "என்ன சொல்றாருன்னு வெளங்கலையே தாயி" என்று அழுதுருச்சு. டேப்பும் பழசு. ரொம்பத் தடவை ஓட்டினால் சிக்கி அறுந்து போகும். அதனால் சீக்கிரம் இரைச்சலை நிறுத்தி, செல்போனில் பதிவு பண்ண வேண்டும் என்று நினைத்தோம்.

அந்த 'உம்ம்ம்' என்பது என்ன தெரியுமா? நம்ம லோயர் கேம்ப் பவர் ஹவுஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, பெரிய பெரிய குழாயில் இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. அங்கே உண்டாகும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். ஒரு நொடிக்கு 50 தடவை போய்ப் போய்த் திரும்பி வரும். அதுதான் 50 ஹெர்ட்ஸ். அந்த 50 எப்படியாவது செட்டுக்குள் புகுந்து ஸ்பீக்கரை ஆட்டினால் நமக்கு 'உம்ம்ம்' என்று கேட்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின் தொகுப்பும் மற்ற இந்தியாவோடு இணைந்து ஒரே தொகுப்பு ஆனது. அதனால் எங்க வீட்டு உம்மும் டெல்லி வீட்டு உம்மும் ஒரே சுருதிதான்! அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே கொஞ்சம் மேல் சுருதியில் உம்ம் போடும்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "இது ஒண்ணுமில்ல, எர்த்த கழட்டி விடுங்க" என்று ஆம்ப்ளிபயரின் மூணு பின் பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றி விட்டார். உடனே சத்தம் போய்விட்டது. எல்லோரும் கை தட்டினோம். (நானும்தான் தட்டினேன்.) சாயங்காலம் அப்பத்தா ஈரத் துணியால் செட்டைத் துடைக்கும்போது 'சுள்'ளென்று இழுத்து, கை உதறி, பின்னால் விழுந்துருச்சு. நல்லவேளை, சிமெண்டுத் தரையில் தலை படவில்லை.

மறுநாள் சின்னமனூரிலிருந்து மாமா வந்தார். அவர் மைக்செட் வேலை பார்க்கிறவர். வந்ததும் வராததுமாக எல்லோரையும் ஒரு திட்டுத் திட்டிவிட்டு முதல் வேலையாகப் பச்சை ஒயரை மாட்டினார். உம்ம் திரும்ப வந்தது. "வரட்டும். இரைச்சலோட ஒரு மனுசன் பாட்டுக் கேக்கலாம். எர்த் இல்லாம கேக்கக் கூடாது" என்றார். செட்டுக்குள் கரண்ட் ஒயர் நைந்து இரும்புப் பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடிப் பியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தொடுகிற ஆள்தான் வழி.

பிறகு மாமா தேட ஆரம்பித்தார். அவர் எதையும் திறக்கவே இல்லை. கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதலில் டேப்பை 'பாஸ்' பட்டனில் நிறுத்தச் சொன்னார். பேச்சு நின்றது, உம்ம் நிற்கவில்லை. அப்படியென்றால் அந்த உம்ம் கேசட்டில் இல்லை, வெளியில்தான் இருக்கிறது. எனக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்து ஆம்ப்ளிபயரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தார். சத்தமும் குறைந்து அடங்கிப் போனது. வால்யூமைக் குறைத்தும் உம்ம் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப்ளிபயருக்கு உள்ளேதான். பெரும்பாலும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர் காய்ந்து போயிருக்கும். அந்தச் சத்தம் 50 இல்லை, 100 ஹெர்ட்ஸ். ஏனென்றால் நாலு டையோடு சேர்ந்த பிரிட்ஜ், மின்சாரத்தின் போகிற பாதியையும் திரும்புகிற பாதியையும் ஒரே பக்கமாக ஆக்கிவிடும். 50 சுற்றுக்கு 100 மேடு. அந்த மேடு பள்ளத்தை நிரவுவதுதான் கண்டென்சரின் வேலை. அதை மாற்றுவது மெக்கானிக்கின் வேலை. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கி இருக்கும், நாம் கை வைக்கக் கூடாது.

எங்கள் செட்டில் கோளாறு உள்ளே இல்லை என்று தெரிந்து விட்டது. அதனால் பின்னால் இருக்கும் ஆடியோ ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம் (ஒவ்வொரு தடவையும் வால்யூமைக் குறைத்துவிட்டு). செட்டாப் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கியதும் முக்கால்வாசி சத்தம் போய்விட்டது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு, தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயரை மட்டும் பாக்ஸிலிருந்து திருகிக் கழற்றினார். அப்போதும் போய்விட்டது! திருடன் அகப்பட்டான்.

கேபிள் ஒயருக்கு வெளியே கம்பி வலை மாதிரி ஒரு உறை உண்டு. அது தெருத் தெருவாக வருவதால் எங்கேயோ கசிகிற கரண்டும் அதில் ஏறி வந்து விடுகிறது. அது செட்டாப் பாக்ஸ் வழியாக, ஆடியோ ஒயரின் உறை வழியாக, ஆம்ப்ளிபயர் பெட்டிக்கு வந்து, எர்த்தில் இறங்கும். போகிற வழியில் பாட்டோடு கலந்து 'உம்ம்ம்'. அதாவது நாங்கள் கேட்டது கசிவு பூமிக்குள் இறங்குகிற சத்தம். அந்த அண்ணன் எர்த்தைக் கழற்றினதும் கசிவு இறங்க வழியில்லாமல் பெட்டியிலேயே நின்றது. அது அப்பத்தா கையில் இறங்கியது. இதை மாமா சொன்னதும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது.

இதற்கு வைத்தியம் என்னவென்றால், கேபிள் ஒயருக்கு நடுவே மாட்டுகிற ஐசொலேட்டர் என்று ஒன்று கிடைக்கும். அது படத்தை விடும், 50-ஐ விடாது. கேபிள்காரரிடமும் சொல்லிக் கசிவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆனால் எங்களுக்குப் பதிவு பண்ணும் நேரம் மட்டும் கேபிளைக் கழற்றினால் போதும். அம்மாவுக்குத்தான் சீரியல் போய்விட்டது.

மீதி கால்வாசி சத்தம் டேப் டெக்கில் இருந்தது. அதை ஆம்ப்ளிபயர் மேலேயே வைத்திருந்தோம். கேசட்டைப் படிக்கிற ஹெட் ஒரு காந்தச் சுருள்தானே. கீழே இருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தையும் சேர்த்துப் படித்து விடுகிறது. டெக்கை ரெண்டு முழம் தள்ளி வைத்ததும் குறைந்தது. ஆடியோ ஒயர் ஒன்றில் வெளி உறை பிளக்குக்குள் விட்டுப் போயிருந்தது. மாமா ஈயம் வைத்துப் பற்ற வைத்தார். கரண்ட் ஒயரோடு சேர்த்துச் சுருட்டி இருந்த ஆடியோ ஒயரைப் பிரித்து விட்டோம்.

இன்னொரு மாதிரி சத்தமும் உண்டு. 'கர்ர்ர்' என்று அரிக்கும். அது பேன் ரெகுலேட்டர், சோக் போட்ட டியூப் லைட் மாதிரியானவை செய்கிற வேலை. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்து விடும்.

கடைசியாக மாமா எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் எர்த் குழியைப் பார்த்தார். மண் காய்ந்து பிளந்து கிடந்தது. உப்பும் கரியும் போட்டு மூடின குழி அது. காய்ந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காது. இப்போது வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

அன்று ராத்திரி சீரியல் நேரத்தில் கேபிளைக் கழற்றி, டியூப் லைட்டை அணைத்து, எல்லோரும் மூச்சு விடாமல் உட்கார்ந்து பதிவு செய்தோம். தாத்தா நடவுப் பாட்டு ஒன்று பாடுகிறார். நடுவில் இருமுகிறார். அப்பத்தா வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று கேலி பண்ணுகிறார். குரல் எங்க அப்பா குரல் மாதிரியே இருக்கிறது.

அவர் பேச்சுக்குப் பின்னால் மட்டும் மெல்லிசாக ஒரு உம்ம் இன்னும் கேட்டது. 'பாஸ்' போட்டால் நின்றது. அப்படியென்றால் அது கேசட்டிலேயே இருப்பது. மாமா, "செல்போன்ல ஏத்தி அதையும் வடிகட்டிரலாம்" என்றார். அப்பத்தா வேண்டாம்னு சொல்லுச்சு. அது தோட்டத்துக் கிணத்து மோட்டார் சத்தமாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி