இரத்தத்தின் துணைப்படை யார் பக்கம்?

இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற நீரைச் சீரம் என்பார்கள். 1895-ஆம் ஆண்டில், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய பெல்ஜிய நாட்டவரான ஜூல்ஸ் போர்டே ஒன்றைக் கவனித்தார். காலராக் கிருமிக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கின் சீரம் அக்கிருமிகளைக் கரைத்துவிடும். அதைச் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினாலோ, கரைக்காது. ஆனால் காலராவையே கண்டிராத விலங்கின் புதுச் சீரத்தைச் சிறிது சேர்த்ததும் பழைய ஆற்றல் திரும்பிவிட்டது! இதிலிருந்து என்ன தெரிகிறது? சற்று யோசியுங்கள்.

சீரத்தில் இரு பொருள்கள் உள்ளன. வெப்பத்தைத் தாங்குவது, குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணும் எதிர்ப்பொருள். வெப்பத்தில் கெடுவது, எதிர்ப்பாற்றல் பெறாத விலங்கின் சீரத்திலும் உள்ள துணைப்பொருள். இதற்கு எர்லிக் இட்ட பெயர் ‘காம்ப்ளிமென்ட்’.

இது ஒரே பொருளன்று. முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. ஒரு புரதம் அடுத்ததை வெட்டித் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்டும். சரவெடி போலத்தான்! சி5 என்னும் புரதம் இரண்டாக வெட்டுப்படும். பெரிய துண்டான சி5பி மற்றவற்றுடன் கூடிப் பகைச் செல்லின் சவ்வில் துளையிடும். சிறிய துண்டான சி5ஏ வெள்ளணுக்களை அங்கே அழைக்கும்.

அப்படியானால் புற்றுநோய்ச் செல்லையும் துளைத்துவிடலாமே என்பீர்கள். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து, நிணநீர்ப் புற்றுச் செல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் நம் செல்களைத் துணைப்படையிடமிருந்து காக்கச் சிடி55, சிடி59 போன்ற காவற்புரதங்கள் உண்டு. பல புற்றுச் செல்கள் இவற்றை ஏராளமாகச் செய்து போர்த்திக்கொள்கின்றன. கெட்டிக்காரத் திருடன், காவலரின் சட்டையையே மாட்டிக்கொள்கிறான்!

இதைவிட வியப்பான செய்தி 2008-இல் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லாம்ப்ரிஸ் குழுவினர் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அங்கே சி5ஏ அழைத்து வந்தவை, போரிடும் டி செல்களை அடக்கிவைக்கும் வெள்ளணுக்கள்! கட்டி தடையின்றி வளர்ந்தது. சி5ஏ பற்றிக்கொள்ளும் ஏற்பியை அடைத்ததும் வளர்ச்சி குன்றியது. பாக்லிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்து தரும் அளவுக்குப் பலன் கிடைத்தது.

அடைத்தது அந்த ஏற்பியை மட்டுமே என்பதைக் கவனியுங்கள். துளையிடும் சி5பி-யின் வேலைக்கு அந்த ஏற்பி தேவையில்லை.